மின்சாரக் கார் வாங்குமுன்: இரவில் எங்கே மின்னேற்றுவீர்கள்?

வாகனக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் முதலில் வினவுவது வட்டி விகிதத்தை. அடுத்தது மாதத் தவணை. மின்சாரக் காருக்குக் கடன் கேட்பவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்க விரும்பும் வினா வேறு: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? அந்த இடத்திற்கும் உங்கள் வீட்டு மின் மீட்டருக்கும் இடையே எத்தனை மீட்டர் தூரம்? அந்தத் தூரத்தில் உள்ள சுவர்கள் யாருக்குச் சொந்தம்?

இது வங்கிக்குத் தொடர்பில்லாத வினா என்று சிலர் நினைக்கலாம். பெருநகர் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், பெட்ரோல் செலவில் மிச்சமாகும் தொகையைக் கொண்டே தவணையின் பெரும்பகுதியைச் செலுத்திவிடலாம் என்று கணக்கிட்டுக் கடன் பெற்றார். கணக்கில் பிழையில்லை. ஆனால் வண்டி வந்த பிறகுதான் குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி கேட்டார். தீ விபத்து அச்சம், பொதுச் சுவரில் கம்பி இழுப்பதற்கு எதிர்ப்பு, ‘நாளை எல்லோரும் கேட்பார்களே’ என்ற தயக்கம் ஆகியவற்றால் அனுமதி நான்கு மாதங்கள் இழுத்தது. அந்த நான்கு மாதங்களும் வாரம் இருமுறை பொது மின்னேற்ற நிலையத்தில் காத்திருந்தார். தவணை ஒன்றும் தவறவில்லை. ஆனால் மிச்சமாகும் என்று நம்பிய தொகையில் பாதிக்குமேல் கரைந்து போயிற்று. மின்சாரக் காரின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு பிளக் பாயிண்ட்டில்தான் தொங்குகிறது என்பதை அவர் வழியாகவே நாங்களும் தெளிவாக உணர்ந்தோம்.

இக்கட்டுரையில் நாம் எந்த நிறுவனத்தின் வண்டி சிறந்தது என்று ஆராயப்போவதில்லை. மின்சாரக் காரோடு நாள்தோறும் வாழ்வது எப்படியிருக்கும், அதன் செலவைச் சரியாகக் கணக்கிடுவது எவ்வாறு என்பவையே இங்கு பொருள்.

பெட்ரோல் பழக்கமும் இரவுப் பழக்கமும்

பெட்ரோல் காரில் பழகியவர், தொட்டி காலியாகும்வரை ஓட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்வார். அதே கண்ணோடு மின்சாரக் காரைப் பார்த்தால், ‘முழுதாக மின்னேற்றப் பதினைந்து மணி நேரமா!’ என்ற மலைப்பே எஞ்சும். வீட்டு மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பார்த்தால் மலைப்பு நீங்கும். தொட்டி வறண்ட பிறகு நிரப்புவார் எவருமில்லை. செலவானதை அன்றன்று ஏற்றிக்கொள்கிறோம்.

எண்களில் பார்ப்போம். மின்கலத்தின் கொள்ளளவு கிலோவாட்-மணியில் குறிக்கப்படும். ஒரு கிலோவாட்-மணி என்பது நம் மின் கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட்டேயாகும். நடுத்தர அளவுள்ள காரொன்று ஒரு யூனிட்டில் நகருக்குள் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்ளலாம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6 யூனிட் போதும். வீட்டில் வெந்நீர்க் கொதிகலனுக்குப் பயன்படும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் தரும். ஆகவே இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் அன்றைய செலவு ஈடுகட்டப்பட்டுவிடும். 45 யூனிட் மின்கலத்தை அடியிலிருந்து நிரப்ப அதே பாயிண்ட் பதினைந்து மணி நேரம் கேட்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேவை ஆண்டில் சில நாள்களுக்கே எழும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் அதை ஆறேழு மணி நேரமாகக் குறைக்கும். அது வசதி, இன்றியமையாதது அன்று.

விளம்பரத்தில் வரும் தூரத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 2020 ஜனவரியில் அறிமுகமான முதல் நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலம் 30.2 யூனிட், சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 7 என்று பெருக்கினால் 211 வருகிறது. இரண்டும் பொய்யல்ல. சான்றிதழுக்கான ஓட்டம் வரையறுத்த வேகத்தில், ஆய்வுக்கூடச் சூழலில் நடப்பது. நம் சாலையோ வேறு. எந்தக் காராயினும் மின்கல அளவை நகருக்கு 7 ஆலும் நெடுஞ்சாலைக்கு 6 ஆலும் பெருக்கிப் பார்த்துவிட்டு அதன்மேல் முடிவெடுப்பது நன்று. பெரிய, எடை மிகுந்த வண்டிகளுக்கு இதையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்சாதனத்தைப் பற்றி அஞ்சுவோர் பலர். போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலும் குளிர்சாதனம் உண்ணுவது ஒன்று அல்லது ஒன்றரை யூனிட்டே. பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்திற்கு நிகரானது. உண்மையான இழப்பு வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்பவருக்கும் 110 இல் செல்பவருக்கும் கிடைக்கும் தூரம் பெரிதும் வேறுபடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதே காரணம். அடுத்தது ஏற்றம். மும்பையிலிருந்து புணே செல்லும் வண்டி கண்டாலா மலைப்பாதையில் ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏறுகிறது. பயணிகளோடு 1,700 கிலோ எடையுள்ள காருக்கு அந்த ஏற்றம் மட்டுமே இரண்டரை முதல் மூன்று யூனிட் கேட்கும். திரும்பும்போது இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். போகும்போது பதைத்தவர் வரும்போது வியப்பது இதனால்தான். தில்லியின் ஜனவரிக் குளிரிலும் தூரம் சற்றுக் குறையும். குளிர்ந்த மின்கலம் மந்தமாக இயங்கும், அறைச் சூடேற்றியும் மின்சாரம் கேட்கும்.

சுவருக்குள் இருக்கும் சங்கதி

வெந்நீர்க் கொதிகலன் இயங்கும் அதே பாயிண்ட்டில் கார் ஏன் மின்னேறக் கூடாது என்று கேட்பார்கள். ஏறலாம்; ஆனால் கொதிகலன் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இடைவிடாமல் அதே மின்னோட்டத்தை இழுக்கும். சற்றுத் தளர்ந்த பிளக், மெல்லிய கம்பி, திருகு இறுகாத இணைப்பு என எது இருந்தாலும் அந்நேரத்தில் சூடேறி உருகத் தொடங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக மின்னேற்றுவதை எந்நிலையிலும் நாங்கள் ஏற்க மாட்டோம். மீட்டரிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., மனித உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. இம்மூன்றும் வேண்டும். பொதுவாக 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 32 ஆம்பியர் சுவர் சார்ஜருக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இடுவர். தூரம் மிகுந்தால் கம்பியின் பருமனும் மிக வேண்டும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

அதைவிட முக்கியமானது எர்த் இணைப்பு. பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை பல நேரம் வெறும் துளையாகவே இருக்கும். குளிர்பதனப் பெட்டி அதைப் பொருட்படுத்தாது, கார் பொருட்படுத்தும். எர்த் சரியில்லையென்றால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், மின்னேற்றம் தொடங்காது. புதிய வண்டி பழுது என்று பணிமனைக்கு அழைக்கும் சிலருக்குக் குறை வண்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. சிவப்பு விளக்கை அணைப்பதற்காக நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் ‘கைவைத்தியம்’ சில இடங்களில் நடக்கிறது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் காரின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். கதவைத் திறக்கும் குழந்தையை நினைத்தேனும் அதை எவரும் செய்ய வேண்டாம்.

மின்வாரியம் அல்லது மின்பகிர்மான நிறுவனம் உங்கள் இணைப்புக்கு அனுமதித்துள்ள மின்சுமை எவ்வளவு என்பது கட்டணச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3 அல்லது 4 கிலோவாட் என்றிருந்தால், 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்குமுன் சுமையை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் மும்முனை இணைப்பும் தேவைப்படும். இதற்கான வைப்புத்தொகை, கூடுதல் நிலைக்கட்டணம் ஆகியவற்றைக் காரின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அடுக்குமாடியில் குடியிருப்போருக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. மின்னேற்றம் என்பது மின்சார விற்பனையன்று, சேவையே. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கமளித்தது. வாகன உரிமையாளர் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே மின்னேற்றலாம் என்று 2022 வழிகாட்டு நெறிகள் கூறின. 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்திற்கு மின்னேற்ற வசதி செய்யப் பரிந்துரைத்தன. எனினும் மாதிரி விதி என்பது மாநிலமும் நகராட்சியும் ஏற்றுக்கொண்ட பிறகே உயிர்பெறும். பழைய கட்டடங்களுக்கு அது பெரிதும் உதவாது. உங்கள் மின் இணைப்பு உங்களுடையது. ஆனால் கம்பி செல்லும் சுவர் எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே வண்டியை முன்பதிவு செய்யுமுன்னரே சங்கத்தின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். கம்பி செல்லும் வழியின் வரைபடம், மின்பணியாளரின் சான்று, செலவை முழுவதும் ஏற்பதாக ஓர் உறுதிமொழி ஆகியவற்றோடு சென்றால் பேச்சு எளிதாகும். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரின் கடிதத்தையும் பெற்றுக்கொள்ளட்டும். வீடு மாறும்போது சார்ஜரைக் கழற்றிச் செல்லும் உரிமையையும் அக்கடிதத்திலேயே எழுதி வாங்கலாம்.

நெடுஞ்சாலையில்

வீட்டில் ஏற்றுவது மாறுதிசை மின்சாரம். அதை நேர்திசை மின்சாரமாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. அதன் திறன் 7.2 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் மாறுதிசை நிலையத்தில் நிறுத்தினாலும் 7.2 தான் ஏறும். நெடுஞ்சாலை விரைவு நிலையங்கள் நேர்திசை மின்சாரத்தை நேராக மின்கலத்திற்கே செலுத்துகின்றன. இந்தியாவில் இன்று விற்பனையாகும் பெரும்பாலான கார்களில் அதற்கான இணைப்பு சி.சி.எஸ்.2 என்ற வகை.

விரைவு மின்னேற்றம் 80 சதவீதத்திற்குப் பிறகு ஏன் தேய்கிறது? புறப்படும் பேருந்தை நினைத்துப் பார்க்கலாம். காலி இருக்கைகள் இருக்கும்வரை பயணிகள் சரசரவென்று ஏறுவர். நிரம்பிய பிறகு ஏறுபவர் ஒவ்வொருவரும் இடம் தேடி நகர வேண்டும்; நடத்துநர் அவசரப்படுத்தினால் நெரிசலில் எவருக்கேனும் அடிபடும். லித்தியம் அயனிகளுக்கும் அதே நிலைதான். ஆகவே காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 சதவீதத்திற்காக நிலையத்தில் காத்திருப்பது நேர விரயம். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அநீதி.

எனவே நெடும்பயணத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம்வரை என்பதே பயன்படும் அளவு. 45 யூனிட் காருக்கு இது 31.5 யூனிட், கிலோமீட்டரில் சுமார் 190. வீட்டிலிருந்து நிறைந்த மின்கலத்தோடு புறப்பட்டால் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கு வழியில் ஒருமுறை நின்றால் போதும். பெங்களூரிலிருந்து ஐதராபாத் என்றால் இருமுறை, மூன்றுமுறை. 50, 60 கிலோவாட் நிலையத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணி நேரம் ஆகும். 30 கிலோவாட் நிலையமானால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். குடும்பத்தோடு உணவருந்தும் நேரத்திற்குள் இது அடங்கிவிடும் என்பார்கள். அடங்கும், நிலையம் இயங்கினால்.

எங்கள் பணிக்குழுவினர் சிலர் ஒருமுறை அவ்வாறு சென்றபோது, செயலியில் ‘இரண்டும் தயார்’ என்று காட்டிய நிலையத்தில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. மற்றொன்றின் முன் பெட்ரோல் கார் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது; அதன் உரிமையாளர் உணவகத்தில் எங்கோ இருந்தார். அவரைத் தேடிப் பிடிக்க நாற்பது நிமிடம். அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம், மின்கலம் 30 சதவீதம் இருக்கும்போதே முதல் நிலையத்தை அணுகுவதும், அடுத்த நிலையத்திற்குச் செல்லும் அளவு கையிருப்பை எப்போதும் வைத்திருப்பதுமாகும். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது 2022 நெறிகளின் குறிக்கோளாக இருந்தது. ஆனால் பயணத்தைக் குறிக்கோளை நம்பித் திட்டமிட முடியாது. அண்மையில் அங்கு மின்னேற்றியவர்கள் செயலியில் எழுதிய குறிப்புகளே நம்பத்தக்கவை.

பணம் செலுத்துவதில் ஒரு சொல். நிலையம் நடத்தும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனிப் பணப்பை. ஐந்தாறு பணப்பைகளில் ஐந்நூறு ஐந்நூறாகப் பணம் உறங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். தேவைக்கு மட்டும் இடுங்கள், யு.பி.ஐ. வழி நேராகச் செலுத்த முடிந்தால் அதுவே மேல். நிலையத்தின்மேல் ஒட்டப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டை வருடுமுன், பெறுநரின் பெயர் அந்த நிறுவனத்தின் பெயர்தானா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கணக்கு

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்ட 80,000 ரூபாய். மின்சாரக் கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடினாலும், மின்னேறும்போது வெப்பமாக வீணாவதைக் கழித்தால் மீட்டரில் பதிவாகும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டரே வரும். வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுச் செலவு 16,000, மிச்சம் 64,000. முழுவதும் பொது நிலையத்தில், 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரியோடு யூனிட் 21 ரூபாய்க்கு ஏற்றினால் செலவு 42,000, மிச்சம் 38,000.

வீட்டுக் கட்டணத்தில் கவனம் வேண்டும். பல மாநிலங்களில் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக உயரும். மாதம் கூடுதலாகும் 170 யூனிட் முழுவதும் மேற்படியில்தான் விழும். ஆகவே சராசரிக் கட்டணத்தை எடுக்காமல், உங்கள் சீட்டின் கடைசிப் படியின் விலையை எடுத்துக் கணக்கிடுங்கள். 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குப் பகல் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் அமையும். அது உங்கள் ஊரில் நடைமுறைக்கு வந்திருந்தால், வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வீடு வந்ததும் பிளக்கைச் செருகும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேரும். பெரும்பாலான கார்களில் நேரம் குறித்து மின்னேற்றும் வசதி உண்டு.

இனிக் கடன். அதே தரமுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 6,228 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 74,700. வீட்டில் மின்னேற்றி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவரின் மிச்சம் 64,000 தான். கடன் நீடிக்கும் ஐந்தாண்டுகளிலும் எரிபொருள் கணக்கில் அவருக்குச் சற்று இழப்பே. எஞ்சின் எண்ணெய் மாற்றம் முதலிய பராமரிப்பு இல்லாததால் அவ்விழப்பு ஓரளவு ஈடாகலாம். 18,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 96,000. அவருக்கு முதலாண்டிலிருந்தே ஆதாயம். பொது நிலையத்தையே நம்பி 12,000 ஓட்டுபவருக்கு மிச்சம் தவணையில் பாதியளவே. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்திற்குப் பணத்தை மிச்சப்படுத்த மின்சாரக் கார் வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கடன் விற்பது எங்கள் தொழிலாயினும்.

வரி நிலவரமும் மாறிவருகிறது. மின்சாரக் கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்ததால் விலை இடைவெளி கூடியிருக்கிறது. மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம்வரை கழிவு தரும் 80 இ.இ.பி. பிரிவைப் பலர் இன்றும் கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே அது பொருந்தும். அதுவும் பழைய வரிமுறையில் இருப்போருக்கு. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மானியம் இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்கள், பேருந்து, லாரி போன்றவற்றிற்கு என்றே வகுக்கப்பட்டது. தனியார் கார்களுக்கு இல்லை. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மின்கலத்திற்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறார்கள். எத்தனை சதவீதத்திற்குக் கீழே கொள்ளளவு தேய்ந்தால் மாற்றித் தருவார்கள் என்பது உத்தரவாதப் புத்தகத்தில் இருக்கும். விற்பனையாளரின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. புதிய வகைகள் விரைந்து வருவதால் பழைய மின்சாரக் காரின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்குகிறது. ஏழாண்டுக் கடன் எடுத்து நான்காம் ஆண்டில் விற்க முனைபவருக்கு, கிடைக்கும் விலையைவிடக் கடன் நிலுவை கூடுதலாக இருக்கும் இக்கட்டு நேரலாம். முன்பணத்தைக் கூட்டித் தவணைக் காலத்தை ஐந்தாண்டுக்குள் அடக்குவது எங்கள் பரிந்துரை. மின்கலத்தை வாடகைக்குப் பெறும் திட்டங்களில் வண்டியின் விலை குறைவாகத் தெரியும்; ஆனால் கிலோமீட்டர்க் கட்டணம் தனியே ஓடும், சில ஒப்பந்தங்களில் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதக் குறைந்தபட்சம் உண்டு. அதையும் ஒரு தவணையாகவே குடும்ப வரவுசெலவில் எழுத வேண்டும்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியத்திற்கு மின்சாரக் கார்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி 2022 முதல் உள்ளது. கவனிக்க வேண்டியது சொந்தச் சேதப் பகுதி. வழக்கமான வாகனக் காப்பீட்டில் டயர், பிளாஸ்டிக் பாகங்களோடு ‘பேட்டரி’க்கும் 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படும். அந்த விதி ஆயிரக்கணக்கில் விலையுள்ள சிறு பேட்டரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லட்சக்கணக்கில் விலையுள்ள ஓட்ட மின்கலத்திற்கும் அது பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தேய்மானமில்லாக் காப்பு, மின்கலக் காப்பு, வீட்டுச் சார்ஜருக்கான காப்பு, மழைநீர் புகுந்த சேதம் ஆகிய நான்கையும் பற்றித் தனித்தனியே கேட்க வேண்டும்.

அந்தச் சிறு பேட்டரி மின்சாரக் காரிலும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கதவுப் பூட்டும் கணினியும் 12 வோல்ட் பேட்டரியில்தான் விழிக்கின்றன. ஓட்ட மின்கலம் 90 சதவீதம் நிறைந்திருக்க, அது இறந்துபோய் வண்டி அசையாமல் நிற்பதுண்டு. ஒரு மாதம் வெளியூர் செல்வதாயின் ஓட்ட மின்கலத்தை 50, 60 சதவீதத்தில் விட்டுச் செல்வதும், இடையில் ஒருமுறை வண்டியை இயக்கிவைக்க அண்டை வீட்டாரிடம் சாவியைத் தருவதும் போதுமானவை. அவரிடம் 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.